காபி தானாக வருவதில்லை

எண்பதுகளின் தொடக்கத்தில், குற்றாலத்தில் நல்ல சீசன் சமயத்தில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகித் தென்காசிக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. என் கணவருக்கு ரத வீதியில் பாத்திரக்கடை. ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருடைய நண்பர்கள் எங்கள் வீட்டு முன்னறையில் கூடி, பத்திரிகைக் கதைகளையும் நாவல்களையும் அலசிக் காயப்போடுவார்கள். நான் அடுப்படியில் காபி போடுவேன். அவர்கள் பேசுகிற கதைகளை எல்லாம் நானும் படித்திருப்பேன், பல சமயம் அவர்களுக்கு முன்பே. ஆனாலும் "நீ என்ன நினைக்கே?" என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதறிப்போய்ப் பாலைப் பொங்க விட்டிருப்பேன் என்பது வேறு விஷயம்.

அப்போதுதான் எதிர்வீட்டுக்கு ஒரு டீச்சர் குடிவந்தாள். என் வயதுதான். மதுரையில் எம்.ஏ. படித்தவள். பெண்ணியம் என்ற சொல்லையே அவள் வாயால்தான் முதலில் கேட்டேன். "ஏதோ சத்து மாத்திரை பேரு மாதிரில்லா இருக்கு" என்று சிரித்தேன். அவளும் சிரித்துவிட்டு, "கதையில புருஷன் பொண்டாட்டியச் சந்தேகப்பட்டா, நீயும் அவன்கூடச் சேந்துல்லா சந்தேகப்படுதே? அப்ப நீ யாரு பக்கம் நின்னு படிக்கே?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். அத்தனை நாளும் ஆம்பளைக் கண்ணை இரவல் வாங்கித்தான் படித்திருக்கிறேன்! எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

இதையெல்லாம் உட்கார்ந்து பேச எங்களுக்கு ஓர் இடம் வேண்டுமே. புத்தகம் பேசப் போகிறோம் என்றால் வீட்டில் ஆயிரம் கேள்வி வரும். அருவிக்குக் குளிக்கப் போகிறோம் என்றால் சீசனில் எந்த வீட்டிலும் தடை கிடையாது, எண்ணெய்க் கிண்ணத்தையும் கையில் கொடுத்து அனுப்புவார்கள். ஆகவே எங்கள் இலக்கியச் சங்கம் ஐந்தருவியில் பெண்கள் குளிக்கும் பக்கத்தில் நடந்தது. நான், டீச்சர், அவளுக்குத் தெரிந்த நர்ஸ் ஒருத்தி. வரிசையில் நிற்கும்போது தொடங்குகிற பேச்சு தண்ணீருக்குள் போனபிறகும் ஓயாது. ஆனால் அந்த இரைச்சலில் சாதாரணமாகப் பேசினால் யாருக்குக் கேட்கும்?

"ஏட்டி, ஒண்ணும் கேக்கல. சத்தமாச் சொல்லு!" என்பாள் டீச்சர்.

"கதாநாயகிய ஒண்ணு தெய்வமாக்கிக் கும்பிடுதாங்க, இல்லேன்னா பேயாக்கி விரட்டுதாங்க. நடுவுல மனுஷியா ஒருத்தியக் காணோமே!" என்று நான் ஒருநாள் தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த வயதான ஓர் அம்மா பயந்துபோய், "யாரக் காணோம்மா? பிள்ளையா?" என்று தேடக் கிளம்பிவிட்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்துவதற்குள் எங்களுக்குச் சிரிப்பில் வயிறு வலித்துவிட்டது.

அந்த சீசனில் என் கணவரின் நண்பர்கள் சேர்ந்து குற்றாலத்தில் ஓர் இலக்கியக் கூட்டம் ஏற்பாடு செய்தார்கள். டீச்சர் விடாப்பிடியாக நின்று அதில் கட்டுரை படிக்க எனக்கும் ஓர் இடம் வாங்கித் தந்தாள், கடைசி ஆளாக. நம் கதைகளில் காபி வந்துகொண்டே இருக்கிறது, போட்டவளை மட்டும் யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் என் கட்டுரை. அதை எழுதி முடித்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. ஒரே ஒரு தடவை அதை எல்லார் முன்னாலும் படித்துவிட வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்றிருந்தது.

கூட்டம் ஒரு விடுதியின் பின்பக்கம், தகரக் கூரை போட்ட கொட்டகையில் நடந்தது. மைக் கிடையாது. மத்தியானம்வரை சாரலாக இருந்தது, பிறகு மழை கொட்ட ஆரம்பித்தது. எனக்கு முன்னால் பேசியவர் தகரத்தோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டுப் பாதியில் உட்கார்ந்துவிட்டார். காபி போட வர வேண்டிய ஆளும் மழையில் வந்து சேரவில்லை.

கூட்டம் நடத்திய அண்ணாச்சி எழுந்து என்னையும் டீச்சரையும் பார்த்தார். தங்கமான மனிதர், மனசில் ஒன்றும் வைத்துப் பேசவில்லை. "இந்த மழையில பொம்பளக் குரல் எங்க எட்டப் போகுது? கட்டுரைய இன்னொரு நாளு பாத்துக்கிடுவோம். நீங்க ரெண்டு பேரும் அந்தக் காபியக் கொஞ்சம் கவனிச்சீங்கன்னா..."

எனக்கு அழுகை முட்டியது. ஆனால் அதைவிடப் பெரிய கூத்து என்ன தெரியுமா? அழுகையை அடக்கிக்கொண்டே நான் எழுந்து அடுப்படிப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டேன்! கையில் கட்டுரை, கட்டுரையில் காபி, கால் போவது அடுப்படிக்கு. டீச்சர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "எங்கட்டி போறே?"

வாசலோரம் குடையோடு உட்கார்ந்திருந்த என் கணவர் அதைப் பார்த்துவிட்டார். சட்டென்று எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "காபிய நான் போடுதேன். நீ போயிப் படி" என்றார். ஆயுளில் அடுப்புப் பற்றவைத்து அறியாத மனிதர்.

நான் முன்னால் போய் நின்றேன். ஐந்தருவியில் கத்திப் பழகியவளுக்குத் தகரக் கூரை மழை ஒரு மழையா? வாயைத் திறந்ததும் கொட்டகையே நிமிர்ந்து உட்கார்ந்தது. "காபி தானாக வருவதில்லை" என்று நான் முடிக்கவும், முகமெல்லாம் வியர்த்து, சட்டையில் பால் தெறித்திருக்க, தட்டோடு அவர் உள்ளே வரவும் சரியாக இருந்தது. கொட்டகை அதிரச் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் அவரும் சிரித்தார். அந்தக் காபியில் சர்க்கரை இல்லை, வடிகட்டவும் இல்லை. பல்லில் தூள் நெறுநெறுத்தது. யாரும் ஒரு சொல் சொல்லாமல் குடித்தார்கள், அண்ணாச்சி உட்பட.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் சட்டையில் தெறித்த பாலைத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அடுப்படில நின்னா முன்னால பேசுதது ஒண்ணு விடாமக் கேக்கு. அப்போ இத்தன வருஷமும் நாங்க பேசுனதெல்லாம் நீ கேட்டுக்கிட்டுத்தான் இருந்தியா?"

"ஆமா" என்றேன்.

மேலகரம் தாண்டியதும் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "அதப்பத்தியெல்லாம் நீ என்ன நினைச்சே?"

பஸ் தென்காசி வருவதற்குள் சொல்லி முடியவில்லை. வீட்டுக்கு வந்தும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ விமர்சனப் புத்தகங்கள் படித்துவிட்டேன். ஆனாலும் பெண்ணியம் என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, பால் தெறித்த சட்டையோடு அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்காக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்த அவருடைய முகம்தான்.