மேலக்கா இறங்கிய நாள்

கட்டட வேலை நடக்கும் இடத்தில் அவளை எல்லாரும் 'மேலக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கோபுரக் கிரேனின் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சுமை தூக்குகிறவள். கீழே நின்று வாக்கிடாக்கியில் வழி சொல்லும் சிக்னல்காரர் அவளுக்கு அப்பா வயது. அவருக்கும் அவள் மேலக்காதான்.

அன்று கான்கிரீட் சுவர்ப்பலகை ஒன்று கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தபோது அவளுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. காலையிலேயே இரண்டு நாப்கினை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டுதான் ஏறியிருந்தாள். அதையும் மீறி இருக்கை நனைந்துவிட்டது. சின்னவன் பிறந்தபிறகு கருத்தடைக்காகக் காப்பர்-டி போட்டுக்கொண்டதிலிருந்தே இப்படித்தான். மாதவிடாய் வந்தால் மடை திறந்த மாதிரி.

"மேலக்கா, ஏன் நின்னுட்டீங்க? காத்தடிக்குதா?"

"காத்தில்லண்ணே. கீழ இருக்கிறவங்களை விலகச் சொல்லுங்க. பலகையை இறக்கப் போறேன்."

அவர் மறுகேள்வி கேட்கவில்லை. விசிலை ஊதி ஆட்களை விரட்டினார். கைப்பிடியைப் பிடித்த விரல்கள் அவளுக்கு மரத்துப்போயிருந்தன. உதட்டைக் கடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக இறக்கினாள். பலகை மண்ணைத் தொட்டதும் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

சிக்னல்காரரே ஏறி வந்தார். தண்ணீரைக் குடிக்க வைத்து, இடுப்புப் பட்டையை மாட்டிவிட்டு, "நான் முன்னால இறங்குறேன். பின்னாலயே வாங்க" என்றார்.

அவளுக்கு உயிரே போயிற்று. பேன்ட் முழுக்கக் கறை. ஏணியில் அவருக்கு நேர் மேலே அல்லவா இறங்க வேண்டும்! "நீங்க போயிடுங்கண்ணே, நான் அப்புறமா வரேன்."

அவருக்குப் புரிந்துவிட்டது. தன் சட்டையைக் கழற்றி நீட்டினார். "இடுப்புல கட்டிக்கோங்க. எனக்கும் மூணு பொண்ணு இருக்கு. மானத்தைப் பாத்து கையை விட்டுடாதீங்க."

ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டரம்மா அதிர்ந்துபோனார். "ரத்தம் இவ்வளவு குறையுற வரைக்கும் ஏம்மா வரல? காப்பர்-டி போட்ட புதுசுல சிலருக்குக் கூடுதலாப் போகும், போகப்போகக் குறையும். குறையலன்னா வந்து காட்டணும்னு சொல்லலையா?"

"சொன்னாங்க. வந்தா எடுத்துடுவீங்க. எடுத்தா மூணாவது வந்துடும். அப்புறம் கிரேன்ல எங்க ஏறுறது?"

வேறு வழிகளையும் டாக்டரம்மா சொன்னார். ஹார்மோன் உள்ள கருத்தடைச் சாதனம் ஒன்று உண்டு. அதில் போக்கு குறையும், சிலருக்கு நின்றேகூடப் போகும். மாத்திரை இருக்கிறது. "இல்லன்னா இவர் செஞ்சுக்கலாம். சின்ன ஆபரேஷன்" என்று, சேதி கேட்டு ஓடிவந்து பக்கத்தில் நின்ற புருஷன்காரனைக் காட்டினார்.

டயர் கடைக்காரனான அவன் கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்தான். "அவளுக்கே ஏதாவது பாத்துப் போட்டு விடுங்க டாக்டர்."

"இப்ப எதுவும் போட வேண்டாம். இதை மட்டும் எடுத்துடுங்க" என்றாள் அவள். டாக்டரம்மா எடுத்துவிட்டு, இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை வெடித்தது.

"ஆபரேஷன் பண்ணிக்கிட்டா பலம் போயிடும்னு சொல்றாங்க. நான் லாரி டயர் தூக்குறவன்டி."

"நான் டன் கணக்குல தூக்குறேன். ரத்தத்தைக் கொட்டிக்கிட்டே தூக்குறேன்."

"தூக்குறது கிரேன்தானே!"

வழக்கமாக இதற்கு அவள் சிரித்திருப்பாள். அன்று முறைத்தாள். "ரெண்டு பிரசவம், இந்த ரத்தப்போக்கு, எல்லாம் என் உடம்போட போகட்டும்னா, உங்க பங்கு என்னங்க?"

மறுநாள் அவன் ஆணுறை வாங்கி வந்தான். ஆபரேஷன் பேச்சை எடுத்தால் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவான்.

இரண்டாம் மாதம் அவளுக்குத் தள்ளிப்போயிற்று. பரிசோதனைக் குச்சியோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் வெளியே நிலைப்படியைப் பிடித்தபடி நின்றான். கடையிலிருந்து வந்த போனை எடுக்கவில்லை.

"என்ன காட்டுது?"

கதவைத் தட்டினான். "ஏய், பயமா இருக்கு. சொல்லு."

"ஒத்தக் கோடுதான், ஒண்ணுமில்ல" என்று அழுகையும் மூச்சுமாகச் சொன்னாள்.

அவன் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். நாலு நாள் கழித்து அவளுக்கு மாதவிடாய் வந்தது, கல்யாணத்துக்கு முன்பு வந்ததுபோல அளவாக. அந்த வாரமே அவன் டாக்டரம்மாவிடம் தனியாகப் போய்ப் பேசினான். பலம் எங்கும் போகாது என்பதை மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டானாம்.

ஆபரேஷன் முடிந்த அன்றே வீட்டுக்கு வந்து, ஐஸ் பையை வைத்துக்கொண்டு ஊரைக் கூட்டுகிற மாதிரி முனகினான்.

"ரெண்டு பெத்தவ நான் இவ்வளவு சத்தம் போடல" என்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"சிரி சிரி. இதோட கவலை விட்டுதுல்ல?"

"எங்க விட்டுது? மூணு மாசம் கழிச்சு விந்தை டெஸ்ட் பண்ணி, உயிரணு எதுவும் இல்லன்னு டாக்டர் சொல்ற வரைக்கும் ஆணுறைதான்."

அவன் முனகல் நின்றுபோயிற்று. "அதுவரைக்கும் இதே பயமா?"

"இப்ப ரெண்டு பேருக்கும்" என்று சொல்லிவிட்டு, உருகிப்போன ஐஸை மாற்ற எழுந்து போனாள்.