கூரை மடங்கும் வண்டி

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் எழுதிப் பழகியவள் இல்லை. பள்ளியில் படிவம் ஐந்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தவள். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் என் பெயரைச் சொல்லவே எனக்குக் குரல் வராது. அப்படிப்பட்டவள் ஒரு வண்டியை விற்று இன்னொரு வண்டி வாங்கிய கதையை எழுதி, படிப்பவர்களின் நேரத்தை எடுத்துக்கொள்வது அதிகப்படிதான். வாயால் சொல்ல முடியாமல் போனதைக் கையாலாவது சொல்லிப் பார்க்கலாமே என்றுதான் உட்கார்ந்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டியவர். நான் வேலைக்கு ஏறிப்போன பேருந்தை ஓட்டியவரும் அவர்தான். பிள்ளைகள் கோலாலம்பூர் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகு, வேலையிலிருந்து நிற்கும்போது கிடைத்த பணத்தில் அவர் ஒரு பழைய கேரவன் வாங்கினார். காடி என்று நாங்கள் சொல்லும் காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப்போகும் சக்கர வீடு அது. உள்ளே கட்டில், அடுப்பு, சின்னதாக ஒரு கழிவறைகூட உண்டு. நாங்கள் பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் அடுக்குமாடியில் இருக்கிறோம். அங்கே அதை நிறுத்த இடமில்லை. அதனால் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், தாசேக் கெலுகோரில் என் தம்பியின் வீட்டுக்குப் பின்னால், செம்பனை மரங்களுக்கு நடுவே அது நின்றது.

கேரவன் என்றால் எங்கள் சொந்தக்காரர்கள் சொகுசு என்று நினைத்தார்கள். ஒருமுறை எங்களோடு வந்திருந்தால் தெரிந்திருக்கும். பாலம் தாண்டித் தம்பி வீட்டுக்குப் போய், கேரவனைக் கழுவி, பூசணத்தைத் துடைத்து, சக்கரத்துக்குக் காற்று அடித்து, கொக்கி மாட்டி, விளக்கு எரிகிறதா என்று பார்த்துக் கிளம்புவதற்குள்ளேயே எனக்கு இடுப்பு விட்டுப்போகும். ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ போய்ச் சேர்ந்த பிறகு இன்னும் பெரிய பாடு, பின்னோக்கித் தள்ளி நிறுத்துவது. எங்கள் ஊரில் அதைக் கோஸ்தான் என்பார்கள். இழுவை வண்டியைக் கோஸ்தான் எடுக்கும்போது காடியை இடப்பக்கம் ஒடித்தால் கேரவன் வலப்பக்கம் போகும். பின்னால் நின்று ஒருவர் கத்திக் கத்திச் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் நான்.

எனக்குக் கத்த வராது. சுற்றிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் எங்களைத்தான் பார்ப்பார்கள். நான் கையை மட்டும் ஆட்டுவேன். அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "வாயத் தொறந்து சொல்லும்மா, என்னா பரதநாட்டியமா ஆடுற?" என்பார். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அந்த இரவு நான் அவரோடு பேசமாட்டேன். மறுநாள் காலையில் அவர் காப்பி கலக்கிக் கொண்டுவந்து வைப்பார். இப்படியே பல வருடம் போனோம். களைப்பாக இருந்தாலும் போனோம். வீட்டில் இருக்கும்போது வாயே திறக்காத மனிதர், ஸ்டீரிங்கைப் பிடித்ததும் பேச ஆரம்பித்துவிடுவார். அதற்காகவே நானும் கிளம்பிவிடுவேன்.

அவருக்கு இனிப்புநீர், சர்க்கரை வியாதி. பிறகு அது கண்ணில் இறங்கியது. கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். காடி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சாவியைக் கொண்டுவந்து சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டினார். அதற்குப் பிறகு தினமும் மாடி நடைபாதையில் நாற்காலி போட்டு, கீழே காடிகள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்டால் "தெரியுது தெரியுது" என்பார். எதைச் சமைத்தாலும் பாதியில் எழுந்துவிடுவார். இப்படியே விட்டால் இந்த மனிதர் நாற்காலியிலேயே முடிந்துபோவார் என்று எனக்குப் பயம் வந்தது.

எனக்கு உரிமம் இருந்தது. சந்தைக்கும் வேலைக்கும் சின்னக் காடியை ஓட்டியிருக்கிறேன். கேரவனை இழுத்துக்கொண்டு போவது மட்டும் என்னால் முடியாது. நினைத்தாலே உள்ளங்கை வேர்க்கும். தம்பிதான் ஒரு யோசனை சொன்னான். பிக்கப் வண்டியின் முதுகில் பெட்டிபோல் தூக்கி வைக்கும் ஒரு வகை உண்டு, அதன் கூரையைத் தூக்கினால் சுற்றிலும் கான்வாஸ் சுவர் எழும், மடக்கினால் தாழ்ந்துவிடும், பின்னால் எதையும் இழுக்க வேண்டாம், முழுக்க ஒரே வண்டிதான் என்றான். மடக்கினால் எவ்வளவு உயரம் என்பதுதான் வீட்டுக்காரர் கேட்ட ஒரே கேள்வி. எங்கள் அடுக்குமாடி வாசலில் லோரிகள் நுழையாதபடி குறுக்கே ஓர் இரும்புக் கம்பி இருக்கிறது. அவர் துடைப்பக் கட்டையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய் அதன் உயரத்தை அளந்துவிட்டு வந்தார். ரொம்ப நாள் கழித்து அவராக மாடி இறங்கியது அன்றைக்குத்தான்.

கேரவனை ஒரு கணவன் மனைவி வந்து வாங்கிப்போனார்கள். பக்கவாட்டில் ஜன்னல் வெட்டி அதில் பர்கர் விற்கப் போகிறார்களாம். அது போனபோது எனக்கு அழுகை வரவில்லை. இனிமேல் அந்தக் கழிவறைத் தொட்டியைத் தூக்கிக் கொட்ட வேண்டாம் என்றுதான் தோன்றியது.

பிக்கப்பை எங்களுக்கு விற்றவர் அலோர் ஸ்டார் பக்கத்து மலாய்க்காரர், நல்ல மனிதர். கட்டில்மேல் முட்டி போட்டு, இரண்டு கையாலும் கூரையை எப்படித் தூக்குவது என்று காட்டிக்கொடுத்தார். தூக்கினால்தான் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், அடுப்பு மூட்டலாம். மடக்கிவிட்டால் அது வெறும் பெட்டி. படுக்கை ஓட்டுநர் தலைக்கு மேலே இருந்தது. ஏணி வைத்துப் பின்னால் ஏற வேண்டும். கழிவறை கிடையாது. என் சமையல் சாமானில் முக்கால்வாசிக்கு இடம் கிடையாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் சட்டை மாற்ற முடியாது. பார்த்ததும் எனக்குச் சோர்வுதான் வந்தது. வீட்டுக்காரர் பெட்டியைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார். வாங்கிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் புக்கிட் தெங்காவில் தொழிற்சாலைகள் மூடியிருக்கும், சாலை காலியாக இருக்கும். அங்கேதான் ஓட்டிப் பழகினேன். பக்கத்தில் அவர். "பிரேக்க மிதிக்காத, தடவு. பின்னால ஒரு வீடு ஒக்காந்திருக்கு. நீ நின்னாலும் அது நிக்காது" என்பார். திட்டவும் செய்வார். திட்டினாலும் பேசினார். பழகி முடித்ததும் வண்டியைத் தம்பி வீட்டில் நிறுத்தினோம். பூசை போட்ட பிறகு பினாங்குக்கு ஓட்டிவரலாம் என்று வைத்தோம்.

பூசையில்தான் தகராறு வந்தது. வண்டி வாங்கினால் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும். வீடு வாங்கினால் பால் காய்ச்ச வேண்டும். இது எதில் சேர்த்தி? "காடிக்கு ரோடு டேக்ஸ் கட்டுறீங்கல்ல மாமா? அப்ப காடிதான் லா" என்றான் தம்பி. "படுத்துத் தூங்குற எடம் வீடுடா. ஒன் காடியில நீ தூங்குவியா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். "ஆபீஸுக்குப் போறப்ப தூங்குறேனே" என்றான் தம்பி. கடைசியில் தோட்டத்து ஓரத்துக் கோயில் பூசாரியைக் கேட்டோம். எதற்கு வம்பு, இரண்டையும் செய்துவிடலாம் என்றார்.

அந்த ஞாயிறு பூசாரி ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டுத் தாமதமாக வந்தார். நாலரைக்கு ராகு காலம். கோயில் முன்னால் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். அதற்குச் சற்றுத் தள்ளி வண்டியை நிறுத்தி, பால் காய்ச்சுவதற்காகக் கூரையைத் தூக்கினோம். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. எனக்கு மனசு நிறைந்தது. பூசாரி மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே, பழத்தை நசுக்கிடுங்கம்மா, நேரம் போகுது என்று அவசரப்படுத்தினார். அடுப்பை அணைத்துவிட்டு, ஏணியில் இறங்கி ஓடிப்போய் ஓட்டுநர் இருக்கையில் ஏறினேன். தம்பி கோயிலுக்குள் தேங்காய் உடைக்கப் போயிருந்தான்.

கூரை தூக்கியபடியே இருந்தது எங்கள் இருவருக்கும் நினைவில்லை. இத்தனை வருடமும் கேரவனில் எங்கள் கண் கொக்கியையும் சக்கரத்தையும்தான் பார்த்துப் பழகியிருந்தது. கூரை என்பது பார்க்க வேண்டிய பொருளே இல்லை. ஆனாலும் எதிரே தகரம் தாழ்ந்து தெரிந்தது. வீட்டுக்காரர் வண்டிக்கு முன்னால் நின்று கை காட்டிக்கொண்டிருந்தார்.

"மேல இடிக்குமாங்க?" என்று கேட்டேன்.

அவர் அண்ணாந்து பார்த்தார். நிதானமாகத்தான் பார்த்தார். "வா வா. நெறைய எடம் இருக்கு" என்றார்.

பழங்கள் நசுங்கின. அடுத்த நொடி தலைக்கு மேல் சர்ரென்று ஒரு சத்தம். தகர விளிம்பு கான்வாஸுக்குள் போய், கட்டில் பக்கத்துச் சுவரை நீளமாகக் கிழித்திருந்தது.

கோயிலில் இருந்த பெண்கள் கன்னத்தில் கை வைத்தார்கள். திருஷ்டி கழிந்தது என்றார் பூசாரி. சகுனம் சரியில்லை என்று ஒரு குரல் கேட்டது. தம்பி ஓடிவந்து பார்த்துவிட்டு, எப்போதும் போலக் கிண்டலாகத்தான் கேட்டான்.

"என்னா மாமா, பஸ் ஓட்டுன கண்ணா இது?"

வீட்டுக்காரர் தகரத்தை மறுபடி அண்ணாந்து பார்த்தார். மழை மேகம் கவிந்திருந்தது. தகரமும் மேகமும் ஒரே சாம்பல் நிறம்.

"எனக்கு அந்தத் தகரம் தெரியவே இல்லடா" என்றார்.

தம்பி போய்ப் பெரிய பிளாஸ்டிக் விரிப்பும் ஒட்டுநாடாவும் கொண்டுவந்தான். நானும் அவனும் சேர்ந்து ஒட்டிக் கூரையை மடக்கினோம். பெண்கள் பிரசாதம் வாங்கிக்கொண்டு கலைந்தார்கள். ராகு காலம் முடியட்டும் என்று தம்பி வீட்டில் தேநீர் குடித்தோம். வீட்டுக்காரர் தேநீரைத் தொடவில்லை.

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும், "இத வித்துடலாம்" என்றார்.

நான் இருக்கைப் பட்டையை இழுத்து மாட்டினேன்.

"ஒனக்குப் பயம். எனக்குக் கண்ணு இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்து யாரையாச்சும் கொன்னுடுவோம். வேணாம்மா. நான் வீட்டுலயே இருந்துக்குறேன்."

"எவ்ளோதான் தெரியுது?" என்று கேட்டேன்.

என் பக்கம் திரும்பிச் சொன்னார். "ஒன் மொகம் தெரியுது. மூக்குத்தி தெரியல."

அவ்வளவு தூரம் போயிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சாவியைத் தம்பியிடம் கொடுத்து, நீயே ஓட்டிக்கொண்டு போய் விடு என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொன்னால் அவன் சந்தோஷமாகச் செய்வான். வீட்டுக்காரர் நாற்காலிக்குத் திரும்பிப் போய்விடுவார். பிறகு அவரை எழுப்ப என்னால் ஆகாது.

"பாக்குறத நான் பாத்துக்குறேன். நீங்க வழி சொல்லிக்கிட்டு வாங்க" என்றேன். "எடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வாட்டியும் நானே எறங்கிச் சுத்திப் பாக்குறேன். நீங்க இனிமே கை காட்டாதீங்க." கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். வாசலில் நின்ற தம்பி திரும்பிப் பார்த்தான்.

அவர் வழி சொன்னார். அது அவர் பேருந்து ஓட்டிய காலத்து வழி. இப்போது அங்கே மேம்பாலம் வந்துவிட்டது. அவர் இடப்பக்கம் என்ற இடத்தில் இடப்பக்கமே இல்லை. சுற்றிச் சுற்றி, கடைசியில் புக்கிட் தெங்காவில் என் தொழிற்சாலை வாசலில் போய் நின்றோம். எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. "சொன்னா கேக்க மாட்டியே, முன்னாடியே ஒடிச்சிருக்கணும்" என்று அவர் திட்டினார். அங்கிருந்து பாலம் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார். பாலத்தில் காற்று வண்டியைத் தள்ளியது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இடது ஓரத்திலேயே மெதுவாக ஓட்டினேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தோள் இரண்டும் கல்லாக இருந்தன. மிச்சமிருந்த சோற்றில் ரசம் ஊற்றிச் சாப்பிட்டோம். அவர் தட்டை முழுதாகக் காலி செய்தார். விற்பதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, அவரை அதே பிக்கப்பில் கண் மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். கூட்டமாக இருந்தது. சொட்டு மருந்து ஊற்றி, அடுத்த மாதத்துக்குத் தேதி கொடுத்தார்கள். அங்கிருந்து தெலுக் பகாங் கடற்கரை வரை போய், வண்டிக்குள் உட்கார்ந்தபடியே பொட்டலச் சோறு சாப்பிட்டுவிட்டு, மழை வருவதற்குள் திரும்பிவிட்டோம்.