பிள்ளைபெற்ற வீட்டுக் கத்தி

எனக்குப் பழைய வாள், கட்டாரி, குத்துவாள் சேர்க்கும் பித்து உண்டு. பித்து என்பது என் மனைவி வைத்த பெயர். கோவில்பட்டியில் எங்கள் வீட்டு முன்னறையில், சோபாவுக்கு மேலே சாமி படமோ காலண்டரோ மாட்ட வேண்டிய சுவரில் பதினொரு ஆயுதங்கள் தொங்குகின்றன. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அந்தச் சுவரை ஒருமுறை பார்த்தார்கள், என்னை ஒருமுறை பார்த்தார்கள், நகைநட்டுப் பேச்சையே எடுக்காமல் காப்பியைக் குடித்துவிட்டுச் சம்மதம் என்றார்கள். என் பித்தால் வீட்டுக்கு நடந்த அந்த ஒரு நன்மையை மனைவி இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

நான் கால்நடை ஆய்வாளர். டாக்டர் இல்லை. ஆனால் புதூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஆட்டுக்கு ஊசி போடுகிற எவனும் டாக்டர்தான். விருந்தாளிக்கு முன்வாசலைத்தான் காட்டுவார்கள். ஊசி போட வந்தவனுக்குத் தொழுவமும் புறவாசலும் திறந்தே இருக்கும். பழைய இரும்பு கிடக்கிற இடம் புறவாசல்தான். பட்டாளத்தில் இருந்து திரும்பிய ஒருவர் வீட்டில் நேபாளத்துக் குக்ரி ஒன்று கருவேல முள் வெட்டிக்கொண்டிருந்தது. சிலோன் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்த குடும்பத்தில், கொம்புப் பிடியில் கொடி வேலைப்பாடு செய்த சிங்களக் கத்தி கருவாடு நறுக்கிக்கொண்டிருந்தது. வளைகுடாவில் வேலை பார்த்தவர் ஒருவர், பாலைவனத்துப் பழங்குடித் தலைவன் தன் கையால் கொடுத்தது என்று வளைந்த அரபுக் குத்துவாள் ஒன்றைக் காட்டினார். உறைக்குள் விரலை விட்டால் விமான நிலையக் கடையின் விலைச்சீட்டு வந்தது.

எங்கள் பக்கத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. எந்த வீட்டுப் பரணில் நீளமாக இரும்பு கிடந்தாலும் அது பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைச் சண்டையில் வீசப்பட்ட வாள்தான். எனக்குக் காட்டப்பட்ட வாள்கள் அத்தனையும் அந்தச் சண்டையில் இருந்திருந்தால், வெள்ளைக்காரன் அன்று மாலையே கப்பல் ஏறியிருப்பான். பழைய துரு கறுத்துப் போய் இரும்போடு இரும்பாகக் கிடக்கும், விரலில் ஒட்டாது. ஆசிட் ஊற்றி மண்ணில் புதைத்து எடுத்த துரு செங்காவியாக விரலில் வரும். விரலில் வந்ததைச் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது. என் சொந்தச் சகலை வீட்டுப் பால்காய்ப்பில், நாற்பது பேர் முன்னால், அவர் பூட்டன் வாள் என்று மாலை போட்டு வைத்திருந்ததைத் தட்டிப் பார்த்து, "இது நாடகக்காரன் தகரம்" என்றேன். அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான். அதற்காக நான் வருத்தப்படவில்லை. தகரத்தைத் தகரம் என்றுதான் சொல்லவேண்டும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், புதூருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் ஆடு வளர்க்கும் ஒரு அம்மாவின் வீட்டுக்குப் போனேன். மருந்துப் பெட்டியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் நாடா அறுபடவில்லை. அந்த அம்மா உள்ளே போய் ஒரு கத்தியை எடுத்து வந்து ஒரே இழுப்பில் அறுத்தார். எனக்கு ஊசி போடுவது மறந்துவிட்டது. மலேயா, ஜாவாப் பக்கத்துக் குத்துவாள் அது, கிரிஸ் என்பார்கள். அலகு பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து போகும். அசலா போலியா என்று பார்க்க முதலில் நெளிவை எண்ணவேண்டும். அசலில் அது எப்போதும் ஒற்றைப்படைதான். நான் ஏழு வரை எண்ணினேன். அதற்குள் அந்த அம்மா அதைச் சேலைத் தலைப்பில் சுற்றிவிட்டார்.

"எங்க வீட்டுக்காரருக்குத் தாத்தா மலேயா ரப்பர் தோட்டத்துல இருந்து கொண்டாந்தது, டாக்டரய்யா" என்றார்.

எனக்கு வேண்டும் என்று கேட்டேன். கூச்சமே படவில்லை.

"அதுக்கென்ன, தாரேன். ஆனா இப்பத் தர ஏலாது. மேலத்தெருவுல இன்னைக்குப் பிள்ள பொறந்திருக்கு. அங்கன போவணும்."

பிறந்த பிள்ளையின் தலைமாட்டில் இரும்பு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். காத்துக் கருப்பு அண்டாது என்பார்கள். அரிவாளோ, பாக்குவெட்டியோ, எது கைக்கு வருகிறதோ அது. ஆனால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் மட்டும் இந்தக் கத்திதான் வேண்டும். மலேயாத் தாத்தா இதைக் கொண்டுவந்த வருஷம், பிழைக்காது என்று கைவிட்ட ஒரு பிள்ளை இதன் பக்கத்தில் கிடந்து பிழைத்துவிட்டதாம். அன்று முதல் கத்தி சொந்த வீட்டில் தங்குவதே கிடையாது. ஒரு வீட்டில் நாற்பது நாள், அப்புறம் அடுத்த பிள்ளை, அடுத்த வீடு.

நாற்பது நாள் கழித்துப் போனேன். கத்தி பக்கத்து ஊர் வேதக் கோயில் உபதேசியார் வீட்டுக்குப் போயிருந்தது, அவர் மருமகளுக்குப் பிரசவம். உபதேசியார் திண்டாடிப் போனார். "அது ஒண்ணுமில்ல அண்ணாச்சி, காத்துல பைபிள் தாளு படபடங்குது. அதுக்கு மேல பாரமா வச்சிருக்கு" என்றார். ஜன்னல் இல்லாத அறையில் என்ன காற்று என்று நான் கேட்கவில்லை. அங்கே இருந்து அது கடம்பூருக்குப் போயிற்று, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த ஒரு பெண்ணுக்காக. நானும் கடம்பூருக்குப் போனேன். பிள்ளைபெற்ற அறைக்குள் அசலூர் ஆம்பளைக்கு என்ன வேலை என்று வாசலிலேயே உட்கார வைத்தார்கள். பெரியவர்களுக்கு என்று வாங்கிப்போன போளியில் பாதியை நானே தின்றுவிட்டுத் திரும்பினேன்.

இப்படித் துரத்திப் பிடிக்க முடியாது, முந்திக்கொள்ள வேண்டும் என்று ஒரு நாள் தோன்றியது. கத்தி அடுத்து எங்கே போகும் என்று தெரிந்தால், நடுவில் ஒரு நாள் மடக்கிவிடலாம். அதனால் டீக்கடைகளில் விசாரிக்க ஆரம்பித்தேன். "உங்க ஊர்ல யாரும் மாசமா இருக்காவளா?" ஆட்டு டாக்டர் கேட்கிற கேள்வியா இது? ஒரு ஊரில் எனக்கு டீ கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். கிடைத்த தகவலைத் தடுப்பூசி நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்தேன். அதை மனைவி எடுத்துப் பார்த்துவிட்டாள்.

"மேலத்தெரு, தண்ணித்தொட்டிக்கு அடுத்த வீடு, ஏழு மாசம்" என்று சத்தமாகப் படித்தாள். "கீழத்தெரு, சிவப்புக் கதவு, இப்பத்தான் மூணு. ஏங்க, ஆட்டு நோட்டுல எதுக்கு ஊராம்வீட்டுப் பொம்பளையள எழுதி வச்சிருக்கீங்க?"

முழுக் கதையையும் சொன்னேன். உண்மை பல சமயம் பொய்யைவிட மோசமாக இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். இரண்டு நாள் எனக்குச் சோற்றைத் தள்ளித்தான் வைத்தாள்.

ஆனால் கதை அவள் மனதில் கிடந்திருக்கிறது. எங்கள் மகளுக்கு இரண்டு முறை தங்கவில்லை. முதலாவது ஐந்தாம் மாதத்தில் போயிற்று, இரண்டாவது பிறந்து ஒரு நாள் இருந்தது. இதைப் பற்றி நாங்கள் வீட்டில் பேசுவதில்லை. மூன்றாவது முறை ஒன்பதாம் மாதம் அவள் தாய்வீடு வந்தபோது, மனைவி என் போனை எடுத்து, ஆட்டுக்கார அம்மாவின் எண்ணைத் தேடி, அவளே பேசினாள். இரண்டே நிமிஷம்தான். மறுநாள் காலை அந்த அம்மா புதூர் பஸ்ஸில் வந்து இறங்கினார், மஞ்சப் பையில் கொழுந்து வேப்பிலையும் அதற்குள் கத்தியும்.

ஆறு வருஷம் நான் வெயிலில் அலைந்தது, ஒரு போனில் முடிந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது, வரத்தான் செய்யும்.

"நாப்பது நாளு ஆவட்டும் டாக்டரய்யா" என்றார் அந்த அம்மா. "அப்புறம் ஒங்ககிட்டயே இருக்கட்டும். இத்தன நாளு கேட்டீயள்லா."

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா மகளின் தலையணையைத் தூக்கினார்கள், அடியில் கத்தி. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர்கள் அலகைத் துணியில் நன்றாகச் சுற்றி, பிடி வெளியே தெரியாமல் உள்ளே தள்ளி, "எங்க வீட்டுல பாக்குவெட்டிதான் வச்சோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பேத்தி பிறந்தாள். அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன், மருமகன் எனக்குத் தண்ணீர் வாங்கி வந்தான்.

இரும்பு ஒன்றும் செய்யாது என்பது என் கட்சி. இருந்தாலும், வீட்டுக்கு வந்த பிறகு தினமும் மூன்று தடவை தலைமாட்டில் கத்தி இருக்கிறதா என்று பார்த்தேன். பார்க்கப் போகும்போது பூதக்கண்ணாடியும் கையில் இருக்கும்.

"அப்பா, பிள்ளையப் பாக்க வருதீங்களா, கத்தியப் பாக்க வருதீங்களா?" என்றாள் மகள்.

"ரெண்டையும்தான்" என்றேன். ஒன்பது நெளிவு. அலகின் அடியில் ஒரு பக்கம் அகன்று, யானைத் துதிக்கை போல ஒரு சின்ன வளைவு. வேப்பிலையை விலக்கிப் பார்த்தால் கறுப்பிலும் வெளுப்பிலும் இரும்பு இழை இழையாக ஓடியது. நூற்றைம்பது வயதாவது இருக்கும். முப்பது வருஷத்தில் இப்படி ஒன்று என் கைக்கு வந்ததில்லை.

நாற்பதாம் நாள் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றி முடிந்ததும், குக்ரிக்கும் கட்டாரிக்கும் நடுவில் ஆணி அடித்தேன். கத்தியை மாட்டினேன். கீழே சின்னத் தாளில் நாடு, காலம், நெளிவு எல்லாம் எழுதி ஒட்டினேன். பசை காய்வதற்குள் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

புதூர்ப் பக்கத்து ஆள், முப்பது வயது இருக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். வீட்டுக்காரிக்கு இந்த வாரம் நாள். போன வருஷம் ஒரு பிள்ளை மூன்றாம் நாள் போய்விட்டது. ஆட்டுக்கார அம்மாவிடம் கேட்டதற்கு, கத்தி இனிமேல் டாக்டரய்யாவுக்குச் சொந்தம், அவியகிட்டக் கேட்டுப் பாரு என்றாராம். அவன் சுவரைப் பார்த்தான், கத்தியை அடையாளம் கண்டுகொண்டான். அப்புறம் அதை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

நான் நல்லவன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். முதலில் கையை நீட்டி அந்தக் கட்டாரியை எடுத்தேன். குறுக்குப் பிடி, தங்க இழை, என் சுவரிலேயே பெரிய உருப்படி.

"இதக் கொண்டு போம்" என்றேன். "அதவிட இது நூறு வயசு மூத்தது. ராஜா இடுப்புல இருந்தது. இதுவும் இரும்புதான்வே."

வாங்கிப் பார்த்தான். மரியாதைக்காகத் திருப்பித் திருப்பியும் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி" என்றான். "இது எத்தன பிள்ளையப் பாத்திருக்கு?"

எந்த ஆயுதம் கைக்கு வந்தாலும் நான் நூறு கேள்வி கேட்பேன். யார் அடித்தது, யார் பிடித்தது, எந்தச் சண்டை, எத்தனை கைமாறியது. இந்தக் கேள்வியை ஒரு நாளும் கேட்டதில்லை. பதினொன்றுக்கும் பதில் எனக்குத் தெரியும். அவன் கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அந்த முகமும் எனக்குத் தெரிந்த முகம். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மருமகனுக்கு இரண்டு முறை இருந்த முகம்.

ஆணியில் இருந்து கிரிஸை எடுத்தேன். அலகைத் துண்டில் சுற்றி, மனைவி ஒடித்துக் கொடுத்த வேப்பிலையும் வைத்துக் கட்டி, அவன் கையில் கொடுத்தேன்.

"நாப்பது நாளு கழிச்சு நானே கொண்டாந்து தந்துருதேன் அண்ணாச்சி. ஒரு கீறல் விழாமப் பாத்துக்கிடுதேன்."

"கத்தி கெடக்கட்டும்வே" என்றேன். "பிள்ள பொறந்ததும் போனு போடும். எந்நேரம்னாலும் போடும்."

வண்டி தெரு முனை திரும்பும் வரை நின்றுவிட்டு உள்ளே வந்தேன். மனைவி எதிரே வந்து, புறங்கையை என் நெற்றியில் வைத்துக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்த்தாள்.