செருப்புக்குக் காவல்

எனக்கு மாட்டைக் கண்டால் பயமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மிச்சத்தைப் படித்துவிட்டு என்னை வெறும் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடுவீர்கள். அவனியாபுரத்தில் பிறந்தவன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று பொங்கலுக்கு வாடிவாசல் முன்னே நின்றிருக்கிறேன். வலது தொடையில் கொம்பு கிழித்த தழும்பு இருக்கிறது. முப்பது வருடமாக லேத் பட்டறை. இடது கையில் ஒரு விரலுக்கு நுனி இல்லை, அதற்கும் நான் அழுததில்லை. ஆனால் தரையை விட்டு நாலடி மேலே ஏற்றிவிட்டால் நான் வேறு ஆள். உள்ளங்கால் கூசும், முழங்கால் கழன்றுவிட்டதுபோல் இருக்கும், வாய் வறண்டுவிடும். பட்டறையில் பல்பு மாற்றக்கூட வேலைக்கு இருப்பவரைத்தான் ஏணியில் ஏற்றுவேன். "ஏணி என் வெயிட்டைத் தாங்காதுப்பா" என்று சொல்லிவிடுவேன்.

இது என் மனைவிக்குத் தெரியாது. பழனிக்குப் போனால் படியேறுவதாக வேண்டுதல் என்று சொல்லி ரோப் காரிலிருந்து தப்பித்துவிடுவேன். வெயில் காலத்தில் சூடு இறங்கும் என்று காரணம் சொல்லி வீட்டுக்கு மாடியே கட்டவில்லை. மாடு பிடித்த ஆள் என்றுதான் அவள் வீட்டில் எனக்குப் பெண் கொடுத்தார்கள். அந்தப் பெயரை நானே எப்படிக் கெடுத்துக்கொள்வது?

எங்கள் ஒரே மகள் இத்தாலியின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். லீவு நாள் வந்தால் ஆல்ப்ஸ் மலைதான். அந்த உச்சி, இந்த உச்சி என்று போட்டோ அனுப்புவாள். கட்டைவிரலை உயர்த்தும் படத்தைப் பதிலுக்கு அனுப்பிவிட்டு, போட்டோவைப் பெரிதாக்காமலேயே மூடிவிடுவேன். இந்த வருடம் ஜூலையில் ஒருநாள் போனில் சொன்னாள்.

"அப்பா, செப்டம்பர்ல ரெண்டு பேரும் வாங்க. பனி இருக்காது. நூறு வருசத்துக்கு முன்னாடி சண்டை நடந்த மலை ஒண்ணு இருக்கு. பாறையைக் குடைஞ்ச சுரங்கம், பதுங்குகுழி எல்லாம் அப்படியே இருக்கு. உச்சியில குட்டியா ஒரு மாதா கோவில்."

"எம்புட்டு உசரம்டி?" மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டு கேட்டாள்.

"நம்ம யானைமலையை ஒண்ணு மேல ஒண்ணு பத்து அடுக்குனாலும் பத்தாதும்மா."

மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே உள்ளங்கால் கூசியது.

மறுநாளிலிருந்து விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனேன். வீட்டில் பசுமலைக்கு வாக்கிங் என்று சொன்னேன். சர்க்கரை குறையுமென்று மனைவி சந்தோஷப்பட்டாள். தாமரைக்குளத்துக்குப் பக்கத்தில் ஆலமரத்தடியில் செருப்பைக் கழற்றுவேன். அங்கிருக்கிற கோவிலைத் தாண்டி மேலே செருப்புக்காலோடு போவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு பாறையில் வெட்டிய படிகளில் ஏறுவேன். மேலே ஒரு சுனை இருக்கிறது. அதை ஒட்டிய பாறையில் சமணர் சிலைகள் வரிசையாக, ஒரு பதற்றமும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். பார்த்தாலே எரிச்சலாக வரும்.

உயரம் பழகத்தான் போனேன், ஆனால் அந்த மலைக்கே போனதற்கு ஒரு காரணம் உண்டு. மகளுக்கு ஆறு வயது இருக்கும்போது மூவரும் அதே மலைக்கு வந்திருந்தோம். மனைவிக்கு அப்போதுதான் காய்ச்சல் விட்டிருந்தது. சாப்பாட்டுப் பையையும் எங்கள் செருப்புகளையும் பார்த்துக்கொண்டு ஆலமரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் மகளும் மேலே போனோம். சுனையைத் தாண்டியதும் பாறை வழவழவென்று சரிகிற இடம். பிள்ளை என் கையை உதறிவிட்டு விளிம்பைப் பார்த்து ஓடினாள். நாலு எட்டு வைத்திருந்தால் பிடித்திருக்கலாம். என் கால் நகரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். இரண்டு கையாலும் பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் பக்கவாட்டில் இறங்கிப் போய் அவளைக் கூட்டிவந்து என் மடியில் விட்டார். "புள்ளைய ஓட விட்டுட்டு உக்காந்திருக்கீங்களே அண்ணே" என்றார். கீழே வந்து நான் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூவரும் புளியோதரை சாப்பிட்டோம்.

அத்தனை பெரிய மலையில் அவர்களுக்கு ஏதாவது ஒன்று ஆனால் இந்தக் கால் நகருமா? அதைத்தான் தினமும் போய்ச் சோதித்துப் பார்த்தேன். இரண்டு மாதம் போனேன். சுனைவரை நகர்ந்தது. அதற்கு மேல் அசையவில்லை.

விமானப் பயணத்தை எப்படியோ தூங்கிக் கடந்தேன். மலைக்குப் போகிற அன்று ஒரு ரோப் காரில் ஏற்றினார்கள். பழனியில் இத்தனை வருடம் ஏமாற்றியதற்கெல்லாம் அங்கே வட்டியோடு அனுபவித்தேன். நடுக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன். மனைவி கண்ணாடியில் மூக்கை ஒட்டி வீடியோ எடுத்தாள். "என்னங்க, தூக்கமா?" என்றாள். "ஃப்ளைட் அசதி" என்றேன்.

இறங்கியதும்தான் கண்ணைத் திறந்தேன். அழகாக இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வெளிறிய பாறைகள் வானத்தைத் தொட்டுக்கொண்டு நின்றன. அடியில் அப்படி ஒரு பச்சைப் புல். புல்வெளியில் மாடுகள் கழுத்தில் பெரிய மணியோடு மேய்ந்தன. திமில் இல்லாத மாடுகள்தான், ஆனாலும் அவற்றைப் பார்த்ததும்தான் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. பிறகு சுரங்கம். அதற்குள் நுழைந்ததும் பழைய ஆளாகிவிட்டேன். இரண்டு பக்கமும் சுவர், கீழே பார்க்க ஒன்றுமில்லை. பாறையைத் தடவிப் பார்த்து, "இது உளி போட்டது, இது ட்ரில் போட்டது" என்று மகளுக்கு விளக்கம் வேறு சொன்னேன். அந்த இருட்டில் படைவீரர்கள் குளிர்காலத்தைக் கழித்தார்கள் என்றாள். எல்லாம் இருபது வயதுப் பையன்களாம். அவர்கள் பயத்தை யாரிடம் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சுரங்கத்தின் மறுவாயில் ஒரு கல் மேடையில் முடிந்தது. அங்கிருந்து உச்சிக்கு மாட்டின் முதுகெலும்பு மாதிரி ஒரு கரடு. இரண்டு ஆள் அகலப் பாதை, பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் இரும்பு வடம், மறுபக்கம் ஒன்றுமே இல்லை. கரட்டின் கோடியில் அந்த மாதா கோவில், நம் ஊர்ப் பெட்டிக்கடை அளவுக்கு. கால் மணி நேர நடை என்றாள் மகள். மனைவி அங்கேயே குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, இங்க யாரும் கழட்ட மாட்டாங்கம்மா."

"வேளாங்கண்ணிக்குச் செருப்போடயா போனோம்? அம்புட்டுப் பேரு செத்த எடம்டி இது."

"சரி, அங்க வாசல்ல போயிக் கழட்டிக்கலாம்."

"மலையே அவங்களதுதான். எல்லையிலதான் கழட்டணும்."

வெயில் பளிச்சென்று இருந்தது, பாறையும் சூடாக இருந்தது. மகள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தன் ஷூவையும் கழற்றினாள். வீட்டை விட்டுப் போய் நாலு வருடமானவள், அம்மா சொன்னதைக் கேட்க அவளுக்கும் ஆசை இருந்திருக்கும். இருவரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது என் வாயில் அந்த வார்த்தை தானாக வந்தது.

"நீங்க போயிட்டு வாங்க. நான் செருப்பைப் பாத்துக்கிறேன்."

அந்த மலையில் செருப்புத் திருட யார் வரப்போகிறார்கள்? ஆனால் மனைவிக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. கோவில் என்றால் ஒருவர் செருப்புக்கு இருக்கத்தானே வேண்டும். "பையையும் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். தப்பித்தோம் என்று சந்தோஷமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். இதை எழுதும்போது அந்தச் சந்தோஷம்தான் எனக்கு அதிகமாக உறுத்துகிறது.

மேகம் கீழேயிருந்து வந்தது. மேகம் மேலேயிருந்து வரும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பள்ளத்தாக்கிலிருந்து அடுப்புப் புகைபோல் ஏறி, நான் எழுந்து நிற்பதற்குள் கோவிலை மூடி, கரட்டை மூடி, கடைசியில் என் கால் முன்னால் கிடந்த நாலு ஷூவைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஆலங்கட்டி விழுந்தது. மிளகு அளவுதான், ஆனால் பாறை கொஞ்ச நேரத்தில் வெள்ளையாகிவிட்டது. அதன் மேல் அவர்கள் வெறுங்காலோடு வரவேண்டும். போட்டுக்கொள்ள வேண்டியது என்னிடம் இருந்தது.

எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வது? வாடிவாசல் பயம் ஒரு நொடிதான், மாடு போனதும் அதுவும் போய்விடும். இது போகவில்லை. வயிற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு, நீதானே அனுப்பி வைத்தாய் என்றது. ஷூக்களைக் கயிற்றால் ஜோடி ஜோடியாகக் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். இரும்பு வடத்தை இரண்டு கையாலும் பிடித்து, தவழ்ந்த மாதிரிதான், கரட்டில் ஏறினேன். ஒரு பத்துப் பதினைந்து எட்டு போயிருப்பேன். காற்றில் மேகம் ஒரு கை அகலத்துக்குக் கிழிந்தது. கீழே வெகு ஆழத்தில் புல்வெளி தெரிந்தது. அந்த மாடுகள் எறும்பு அளவில் தெரிந்தன.

கால் நின்றுவிட்டது. முன்னால் போகவில்லை, பின்னால் இறங்கவும் வரவில்லை. அடித்துக்கூடப் பார்த்தேன், என் முழங்காலை என் கையாலேயே. அசையவில்லை. சமணர் மலையில் உட்கார்ந்த அதே உட்கார்தல். வடத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாக அழுதேன்.

எனக்கு மிச்சமிருந்தது தொண்டை மட்டும்தான். லேத் ஓடும் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. "பாப்பா! இங்கிட்டு! இங்கிட்டு இருக்கேன்! இங்கிட்டு வாங்க!" நிறுத்தவே இல்லை. நிறுத்தினால் மேகத்துக்குள் ஒன்றும் கேட்காது, அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. எவ்வளவு நேரம் கத்தினேன் என்று தெரியாது. குரல் கிழிந்து காற்றாகப் போகிற நேரத்தில் மேகத்துக்குள் மகளின் மஞ்சள் சட்டை தெரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு மனைவி. குதிகாலில் ரத்தம். உதடு நீலம் பாரித்திருந்தது.

ஷூவை எடுத்துக் கொடுக்கக்கூட என்னால் முடியவில்லை, கை வடத்தை விடவில்லை. என் கழுத்திலிருந்து அவர்களே எடுத்துக்கொண்டார்கள். மகள் அம்மாவின் காலைத் துடைத்துவிட்டு ஷூவை மாட்டினாள்.

"திரும்புறப்ப மேகத்துல வழி தப்பிட்டோம்ப்பா. பழைய பதுங்குகுழிப் பக்கம் போயிட்டோம், அங்கிட்டு வடமே கிடையாது. உங்க சத்தம் பின்னாடியிருந்து கேட்டுச்சு, அதான் நின்னு திரும்புனோம்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள். "சின்னப்புள்ளையில சமணர் மலையிலயும் இப்படித்தானே கத்துனீங்க. அதைக் கேட்டுத்தான் அன்னைக்கும் நின்னேன்."

நான் கத்தினேனா? எனக்கு அது நினைவிலேயே இல்லை. உட்கார்ந்தது மட்டும்தான் இத்தனை வருடம் நினைவிருந்தது.

"என்னைக்கு?" என்றாள் மனைவி.

அந்தக் குளிரில், வடத்தைப் பிடித்தபடியே, எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தை ஓடியது, நான் உட்கார்ந்தது, ஆடு மேய்த்தவர், ஏணி, பழனி, மாடி. கடைசியில் செருப்பு. ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால் பிடித்து என்னைச் சுரங்க வாயிலுக்கு இறக்கினார்கள். அங்கே வந்ததும் மனைவி சொன்னாள்: "பயம்னா பயம்னு சொல்லுங்க. செருப்பைப் பாத்துக்கிறேன்னு சொல்லி எங்களைய அனுப்பி வைக்காதீங்க." ஊர் திரும்பும்வரை என்னிடம் வேறு பேச்சு அதிகமில்லை. அந்தக் கோபம் நியாயமானது.

குதிகால் ஆறியதும், போன வாரம், அவளே கீழக்குயில்குடிக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். செருப்புகளை ஆலமரத்தடியில் விட்டுவிட்டு ஏறினோம். சுனை வந்ததும் நின்றேன்.

"எனக்குப் பயமா இருக்கு. இதுக்கு மேல நான் வரல."

"சரி. எந்த எடம்னு மட்டும் காட்டுங்க."

காட்டினேன். சரிகிற பாறையில் காலைப் பார்த்துப் பார்த்து வைத்து, அவள் மட்டும் விளிம்புக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கீழே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்.

"ஏங்க, அன்னைக்கு மாதிரிக் கூப்பிடுங்க."

உட்கார்ந்து பாறையைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கூப்பிட்டேன். அவள் திரும்பி என்னைப் பார்த்து நடந்து வந்தாள்.