ஒல்லிக் கம்பி

முத்துக்கருப்பனுக்கு நாற்பத்திரண்டு வயதில் கிடார் ஆசை வந்தது. நாற்பதுக்கு மேல் நாய்க்குணம் என்பார்கள், இவனுக்குக் கிடார்க்குணம் என்று பழங்காநத்தத்தில் அவன் குடியிருந்த வரிசை வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

பேரையூர்ப் பக்கம் வானம் பார்த்த நிலத்தை அண்ணன் தம்பிகளிடம் விட்டுவிட்டு வந்து, மதுரையில் ஒரு நூற்பாலையில் சைடராகச் சேர்ந்தவன் அவன். இரண்டு பக்கமும் மிஷின் நூல் சுற்றிக்கொண்டே இருக்கும். நடுவில் நடந்து நடந்து, அறுந்த இழையைப் பிடித்து ஒட்ட வேண்டும். அதுதான் சைடர் வேலை. அங்கே பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அதனால் யாரும் பேசுவதில்லை. வாயை அசைப்பார்கள், விரலைக் காட்டுவார்கள், எதிராளி பார்த்தே புரிந்துகொள்வான். மேஸ்திரியை அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்று நிம்மதியாக வையலாம். அந்த மில்லில் இருந்த ஒரே சுகம் அது.

இப்படி ஷிப்டு முடிந்து கால் கடுக்க வீட்டுக்கு வந்தால், வாசலிலேயே பெண்டாட்டி மாயக்காள் தொடங்கிவிடுவாள். "வந்துட்டீகளா! கைகால் கழுவிட்டு வாங்க, சோறு வைக்கிறேன்!" நல்ல வார்த்தைதான். ஆனால் நல்ல வார்த்தையை நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரியா சொல்லுவது? குழம்புக்கு உப்புப் போதுமா என்று அவள் கேட்டாலே, சண்டை வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் காதைத் தீட்டிக்கொள்வார்கள். தெருவில் அவளுக்குக் 'குழாய் மாயக்கா' என்று பேர். கோயில் கொடைக்கு வேப்பமரத்தில் கட்டுகிற ஒலிபெருக்கிக் குழாய்தான், வேறென்ன. அந்தப் பேரைக் கேட்டு அவனும் சிரித்திருக்கிறான்.

"ஏ புள்ள, கொஞ்சம் மெதுவாத்தான் பேசித் தொலையேன். மில்லுலயும் இரைச்சல், வீட்டுலயும் இரைச்சல். மனுசன் எங்கிட்டுத்தான் போறது?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தான். அவள் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போக ஓர் இடம் கிடைத்தது. மில்லில் நடந்த பொங்கல் விழாவுக்கு ஒரு மெல்லிசைக் குழு வந்திருந்தது. அதில் மருது என்ற பையன் கிடார் வாசித்தான், பையன் என்றாலும் கல்யாணமாகிக் குழந்தை இருந்தது. மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முத்துக்கருப்பனுக்கு மற்ற வாத்தியமெல்லாம் எங்கோ தூரத்தில் ஒலித்தது போல இருந்தது. கிடாரின் தடித்த கம்பி மட்டும் நேரே வயிற்றுக்குள் வந்து அதிர்ந்தது. மறுவாரமே மருதுவைத் தேடிப் போனான். சைக்கிள் கடை மாடியில் மருதுவுக்கு ஓர் அறை இருந்தது. "படிச்சுட்டுக் கச்சேரிக்கா அண்ணே வரப்போறீங்க?" என்று கேட்டான் மருது. "அதெல்லாம் இல்லப்பா. சாயங்காலம் ஒரு மணி நேரம், ஒரு கத்தலும் இல்லாம உக்காரணும். அம்புட்டுத்தான்" என்றான் முத்துக்கருப்பன். இந்தப் பதிலுக்காகவே மருது தன்னிடமிருந்த பழைய கிடாரைக் கொடுத்துப் பழகச் சொன்னான்.

ஐந்தில் வளையாத விரல் ஐம்பதை நெருங்கும்போது வளைகிறதா, பாருங்கள்! கம்பிகள் கிடாரின் கழுத்தை விட்டு அரை விரல் தள்ளி நின்றன, அழுத்தினால் விரல் நுனியில் கோடு விழுந்தது. சி கார்டு என்று மருது சொன்ன பிடிக்கு மூன்று விரலும் மூன்று கம்பியில் போய் உட்கார வேண்டும். இவன் ஒரு விரலைக் கொண்டுபோய் வைத்தால் இன்னொன்று எழுந்துவிடும். ஒரு பிடியிலிருந்து இன்னொரு பிடிக்கு அவன் கை மாறுவதற்குள் பாட்டு முடிந்து ஜனம் வீட்டுக்குப் போயிருக்கும். பாதிப் பாடத்தில் அவன் கிடாரின் மேல் கவிழ்ந்து தூங்கியதும் உண்டு. மருது எழுப்ப மாட்டான். ஆனாலும் முத்துக்கருப்பன் ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை, அந்த அறையில் அவனைப் பார்த்து யாரும் கத்தவில்லை அல்லவா!

பிறகு மருது கறாராக ஒன்று சொன்னான். "அண்ணே, இனிமே கம்பிக்குச் சுருதி நீங்களே சேக்கணும். அது வந்தாத்தான் அடுத்த பாடம். அது வராட்டி இதை விட்டுருங்க, உங்க நேரமும் பாழு, என் நேரமும் பாழு."

இருக்கிற ஒரு நிழலும் போய்விட்டால்? முத்துக்கருப்பன் விழுந்து விழுந்து பழகினான். தடித்த கம்பிகளை எப்படியோ சேர்த்துவிட்டான். கடைசியில் இருக்கிற ஒல்லிக் கம்பிதான் படுத்தியது. முறுக்குவான், மருதுவின் முகத்தைப் பார்ப்பான். அவன் புருவம் இறங்கினால் சரி, சுளித்தால் இன்னும் முறுக்கவேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், தான் முகத்தைப் பார்த்துச் சேர்க்கிறோம் என்பது அவனுக்கே தெரியாது. மில்லில் பழகிய பழக்கம்.

ஒருநாள் மருது, "சேருங்கண்ணே, கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டான். முத்துக்கருப்பன் முறுக்கினான். நூல் தொய்ந்தால் இழு என்றுதான் கைக்குத் தெரியும். இன்னும் முறுக்கினான். "போதும்ணே! ஏறிப்போச்சு! கீழ எறக்குங்க!" என்று மருது தெருவைப் பார்த்தபடியே சொன்னான், பிறகு அலறினான். பட்டென்று கம்பி அறுந்து முத்துக்கருப்பனின் புறங்கையைக் கீறியது.

மருது திரும்பினான். கோபிக்கவில்லை. வேறு கம்பியைக் கட்டிச் சுருதி சேர்த்தான். "அண்ணே, அந்தச் சுவத்தைப் பாத்துத் திரும்பி நில்லுங்க. நான் கம்பியைத் தட்டுறப்பல்லாம் கையத் தூக்குங்க."

முத்துக்கருப்பன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து நின்றான். தடித்த கம்பிக்குக் கையைத் தூக்கினான், அடுத்ததற்கும் தூக்கினான். அப்புறம் ஒன்றும் வரவில்லை. காத்திருந்தான். கால் வலித்தது. அவ்வளவு நேரமா எடுப்பான் ஒருத்தன்?

"எப்பத்தான்ப்பா தட்டப் போற?" என்று திரும்பினான். மருதுவின் விரல் ஒல்லிக் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தது. அவன் கண் கலங்கியிருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் கைகால்கூடக் கழுவவில்லை, நேரே அடுப்படிக்குப் போனான். "ஏ புள்ள. எனக்குக் காது போச்சாம்ல. உனக்குத் தெரியுமா?"

மாயக்காள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். எழுந்தாள். "தெரியும்!" என்று கத்தினாள்.

"எப்பத்துல இருந்து?"

"நம்ம பெரிய மக சமைஞ்ச வருசத்துல இருந்து! பின்னால நின்னு கூப்பிட்டேன், திரும்பல! அதுலருந்து கத்துறேன்!"

"சொன்னா என்னடி?"

"சொன்னா? இதே மில்லுக்குத்தானே போவீக! தெரிஞ்சு போறதுக்குத் தெரியாமப் போங்கன்னு விட்டேன்! நான் கத்துனா நான் குழாய்! கத்தாட்டி நீங்க செவிடு! எது மேலு?"

எத்தனை வருஷம்! அவள் தினமும் வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டையைக் கொப்பளித்ததைப் பார்த்து, வெற்றிலை அதிகம் போடுகிறாள் என்று நினைத்தானே. தெருவே அவளைக் கேலி செய்தபோது கூடச் சேர்ந்து சிரித்தானே. பாவி, பாவி என்று தன்னையே வைதுகொண்டான். அவள் குரலிலிருந்து தப்பிக்க அல்லவா மாடி ஏறிப் போனான்!

சட்டியில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இருவரும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

"மாயக்கா, ஒருவாட்டி உன் சொந்தக் குரல்ல ஏதாச்சும் சொல்லு. எனக்குன்னு கத்தாத. முன்னாடி பேசுவியே, அப்படி."

"வாயைப் பாத்துருவீக!"

"பாக்கல." கண்ணை மூடிக்கொண்டான். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கேட்டான். ஒன்றும் வரவில்லை. அவள் மூச்சு மட்டும் கன்னத்தில் சுட்டது, அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறாள். கண்ணைத் திறந்தபோது அவள் உதடு மூடியிருந்தது, கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்!"

"என்ன சொன்ன?"

மாயக்காள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அது கத்திச் சொல்ற பேச்சு இல்லய்யா!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.