கடலைச் சொல்லும் நேரம்

மேலகரத்துக்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் அருவித் தண்ணீர்தான். குற்றாலம் கூப்பிடு தூரத்தில் இருக்கிற திமிர் அது. குளமும் வாய்க்காலும் அதற்குப் பிறகு. கடல் என்ற ஒன்று எங்கள் கணக்கிலேயே கிடையாது. அப்படிப்பட்ட ஊரில், இன்றைக்குக் கடல் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் ஒருத்திக்குச் சோறு இறங்காது என்றால் யார் நம்புவார்கள்? நான் நம்பினேன். அவள் என் அடுத்த வீட்டுக்காரி.

சைதூன் பீவி கடையநல்லூரிலிருந்து எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்தவள். மாப்பிள்ளை ஒலி முகம்மதுவுக்குத் தறியில் உட்காரும் பொறுமை கிடையாது. கல்யாணம் முடிந்த சூட்டோடு பட்டணத்துக்குப் போய், பினாங்கு போகிற கப்பலில் கலாசியாகச் சேர்ந்துவிட்டான். இங்கே மாமியாரும் மருமகளும் இருந்தார்கள். அவன் ஒரு தடவை லீவில் வந்து போன மறு வருஷம் மாமியார் மௌத்தாகிவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவளும் ஒரு ராட்டையும்தான். தறிக்காரர்களுக்குச் சின்னக் குழல்களில் நூல் சுற்றிக் கொடுப்பாள். எங்கள் பக்கம் அதைத் தார் சுற்றுவது என்போம். விடிந்ததிலிருந்து அடையும்வரை சுவருக்கு அந்தப் பக்கம் ராட்டைச் சத்தம் கேட்கும். பேச்சுச் சத்தம் கேட்காது. பேச யார் இருக்கிறார்கள்?

ஐம்பத்தேழிலோ ஐம்பத்தெட்டிலோ ஒலி முகம்மது லீவில் வந்தான். ஒரே ஒரு தடவை வந்தது அப்போதுதான். வந்தவன் கப்பலில் தனக்கு என்ன வேலை என்று அவளிடம் விலாவாரியாகச் சொல்லியிருக்கிறான். தளம் கழுவுவது, கயிறு இழுப்பது எல்லாம் போக, அவனுக்கென்று ஒரு வேலை உண்டாம். கித்தான் வாளியைக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்கித் தண்ணீர் கோர வேண்டும். கோரிய தண்ணீரில் கப்பல் அதிகாரி ஒரு கண்ணாடிக் குழலை விட்டு எவ்வளவு சூடு என்று பார்ப்பார். காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு உயரம் என்பதையும் சேர்த்துக் கம்பியில்லாத் தந்தியில் பட்டணத்துக்கு அனுப்புவார்கள். கடலில் போகிற கப்பல்கள் பலவும் இப்படி அனுப்புமாம். அதையெல்லாம் கூட்டிப் பார்த்துத்தான் புயல் எங்கே கிளம்புகிறது என்று ரேடியோவில் சொல்கிறார்களாம். தான் ஒரு வாளி தண்ணீர் கோரினால் தூத்துக்குடியில் ஒருவன் வலையைச் சுருட்டிவைத்துவிட்டு உயிரோடு வீட்டில் இருப்பான் என்று பெருமை பேசியிருக்கிறான்.

அவள் இதை என்னிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கடலில் தண்ணீர் கோரி என்ன செய்யப்போகிறான், குழம்பு வைக்கவா என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் அவன் திரும்பிப் போன நாளிலிருந்து ரேடியோவுக்குக் காது கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

எங்கள் ஊரில் ரேடியோ என்றால் பஞ்சாயத்து ரேடியோதான். மைதானத்தில் ஒரு சின்ன அறை, அதற்குள் பூட்டுப் போட்ட மரப்பெட்டி, பெட்டிக்குள் ரேடியோ, கூரைமேல் ஒலிபெருக்கிக் குழாய். சாயங்காலமானால் ஆண்கள் மைதானத்தில் உட்கார்ந்து கேட்பார்கள். எங்கள் தெருப் பெண்களுக்கு வீட்டுக்குள் காற்று கொண்டுவந்து போடுவது எவ்வளவோ அவ்வளவுதான். மாநிலச் செய்தி முடிந்ததும் வானிலை வரும். கடைசியில் கடலைச் சொல்வார்கள். கன்னியாகுமரியிலிருந்து பாம்பன்வரை, விரிகுடாவின் தெற்கே, நடுவே என்று செய்தி வாசிக்கிறவர் அவசரப்படாமல் சொல்லுவார்.

அந்த நேரத்தில் ராட்டை நின்றுவிடும். அலை அதிகம் என்று சொன்னால், இன்றைக்கு வாளி கப்பலில் மோதும், கோருவது சிரமம் என்பாள். அமைதி என்று சொன்னால் அவள் குரலே வேறாக இருக்கும். அவனிடமிருந்து கடிதம் கிடையாது, அவனுக்கு எழுதத் தெரியாது. பணமும் நின்றுபோயிருந்தது. ரேடியோ கடலைச் சொன்னால் யாரோ தண்ணீர் கோரியிருக்கிறார்கள், கோரியது அவன், ஆகையால் அவன் இருக்கிறான். அவளுடைய கணக்கு இவ்வளவுதான். அவள் கடலை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

கடையநல்லூரிலிருந்து அண்ணன்மார் வந்து கூப்பிட்டார்கள். தனியாகக் கிடந்து என்ன செய்கிறாய், வந்து எங்களோடு இரு என்றார்கள். மாட்டேன் என்றுவிட்டாள். புருஷன் வீட்டைவிட்டு அசையமாட்டாள், எப்பேர்ப்பட்ட குணம் என்று தெருவே மெச்சியது. எனக்கல்லவா தெரியும். அண்ணன்மார் தெருவுக்கு ரேடியோக் குழாய் கேட்காது.

அந்த ரேடியோவைத் திருகி அணைக்கிற அதிகாரம் முத்துக்குமாரசாமி அண்ணாச்சியின் கையில் இருந்தது. பெட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் நடந்து வருவதைப் பார்த்தால் கலெக்டரே ஒதுங்கி நிற்பார். சிடுமூஞ்சி மனுஷர். ஒரு தடவை, நமக்கெதுக்குலே கடல் என்று மைதானத்தில் யாரோ கத்த, செய்தி முடிந்ததும் அணைக்க ஆரம்பித்தார். சைதூன் என்னை அனுப்பினாள். நான் மைதானத்தின் ஓரம்வரை போய், அவள் வீட்டுக்காரர் கப்பலில் இருக்கிறார் என்பதைச் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டியைப் பூட்டினார். மறுநாள் கடல் வந்தது. அதோடு, கூரையில் ஏறிக் குழாயின் வாயை மேற்கே எங்கள் தெருப் பக்கம் திருப்பியும் வைத்திருந்தார்.

இருந்தாலும் ஆனி, ஆடியில் அவள் பாடு திண்டாட்டம்தான். ஊரெல்லாம் சாரலுக்கு ஏங்கும். எங்கிருந்தோ வண்டி கட்டிக்கொண்டு குற்றாலத்துக்கு வருவார்கள். மலையிலிருந்து இறங்குகிற மேல்காற்று சத்தத்தையெல்லாம் கிழக்கே அள்ளிக்கொண்டு போய்விடும். வானொலிக்காரர் சொல்வதில் நாலில் ஒன்று காதில் விழுந்தால் பெரிது. அருவிக்குப் போகலாம் வா என்று நாங்கள் கூப்பிட்டால், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட முடியுமா என்றுதான் கேட்பாள். முடியாது என்றால் வரமாட்டாள். ஊரே சந்தோஷமாக இருக்கிற மாதத்தில் கொல்லைக் கதவருகே காதை வைத்துக்கொண்டு நிற்பாள். பார்க்க எனக்குக் கோபம் வரும். அழுகையும் வரும்.

அறுபத்து மூன்றில், அப்படி ஒரு சாரல் காலத்தில்தான் மசூது வந்தார். வாசுதேவநல்லூர்க்காரர், ஒலி முகம்மதுவோடு அதே கப்பலில் வேலை பார்த்தவர். குளிக்க வந்த இடத்தில், சிநேகிதனுடைய உம்மாவைப் பார்த்து சலாம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். என் வீட்டுக்காரர் அவரை எங்கள் வீட்டில் உட்கார வைத்தார். நான் ஓடிப்போய் சைதூனைக் கூப்பிட்டு வந்தேன். அவள் உள்கதவின் திரைக்குப் பின்னால் என் பக்கத்தில் நின்றாள். அவள் கை என் கையைப் பிடித்திருந்தது.

உம்மா இறந்துபோன செய்தியைக் கேட்டு வருத்தப்பட்ட மசூது, அடுத்த மூச்சிலேயே சிநேகிதனைப் புகழ ஆரம்பித்துவிட்டார். என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. ஒலி முகம்மது கெட்டிக்காரன், லீவு முடிந்து வந்த பயணத்திலேயே பினாங்கில் இறங்கிவிட்டான், இப்போது சொந்தத்தில் கடை, அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டி இரண்டு பிள்ளைகள், கப்பல் பக்கமே திரும்புவதில்லை. அவனுக்கு இங்கே ஒரு மனைவி இருக்கிறாள் என்பது அந்த மனிதருக்குத் தெரியவே தெரியாது.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. அவள் திரைக்குப் பின்னாலிருந்தே கேட்டாள்.

"அப்ப இத்தனை வருசமா வாளி போட்டுத் தண்ணி கோருதது யாரு?"

மசூதுக்கு விளங்கவில்லை. நான்தான் எடுத்துச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். அதெல்லாம் ஒரு வேலையா, யார் கை சும்மா இருக்கிறதோ அவன் போடுவான், இப்போது யாரோ ஒரு சிட்டகாங்குக்காரன் போடுகிறான் என்றார்.

அவள் என் கையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். சுவரில் காதை வைத்து அழுகைச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அழுதால் போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ராட்டைச் சத்தம்தான் கேட்டது.

விஷயம் மறுநாளே ஊர் முழுவதும் பரவிவிட்டது. எல்லாருக்கும் பாவமாக இருந்தது. பாவப்படுவதற்கு என்ன செலவு. அன்று சாயங்காலம் ராட்டை வழக்கம்போல நின்றது. செய்தி காற்றில் அரைகுறையாக வந்தது. கடல் வரவில்லை. காற்று கொண்டுபோய்விட்டது என்றாள். எனக்கு ஆச்சரியம், இன்னுமா கேட்கிறாள் என்று. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் காற்று அடங்கிவிட்டது, இலை அசையவில்லை. செய்தி ஒவ்வொரு சொல்லாகத் தெளிவாகக் கேட்டது. மழையைச் சொன்னார். அத்தோடு குழாய் செத்துப்போயிற்று.

அவள் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள். அதுவரை தனியாகத் தெரு முனையைத் தாண்டாதவள். நான் லாத்தா முறை, அக்கா மாதிரி, தடுத்திருக்க வேண்டும். பின்னாலேயே ஓடத்தான் முடிந்தது. மைதானத்தில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எழுந்துவிட்டார்கள். முத்துக்குமாரசாமி அண்ணாச்சி பெட்டிக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, கடல் என்ன சொல்லிச்சு?" என்று கேட்டாள்.

அவர் சாவியோடு திரும்பினார். அணைத்துவிட்டேன் என்றார். இனிமேல் அதைக் கேட்டால் உனக்கு மனசு வேகுமே என்றுதான் மூன்று நாளாக அணைக்கிறேன், சங்கடப்படுத்த வேண்டாம் என்று பார்த்தேன் தாயி என்றார். அந்தச் சிடுமூஞ்சி வாயிலிருந்து இவ்வளவு மெதுவாகப் பேச்சு வந்து நான் கேட்டதில்லை.

"அவுக எறங்கிப் போயிட்டாக அண்ணாச்சி. கடல் எங்கயும் போகலல்லா. அந்த வீட்டுல எங்கிட்டப் பேசுதது அது ஒண்ணுதான். அதையும் நிப்பாட்டிட்டீகளே."

அவர் பதறிப்போய்ப் பூட்டைத் திறந்து ரேடியோவைத் திருகினார். அது சூடாகிச் சத்தம் வருவதற்குள் கடல் முடிந்துபோயிருந்தது. நாதஸ்வரம் வந்தது. யாராவது கேட்டீர்களா, எங்கேயாவது கேட்டீர்களா என்று அவர் சுற்றி நின்றவர்களிடம் விசாரித்தார். ஊருக்கே இருக்கிறது ஒரு ரேடியோ. யார் கேட்டிருப்பார்கள்?

மசூது வந்த அன்றைக்கு வராத அழுகை அங்கே, அத்தனை ஆண்களுக்கு முன்னால் வந்தது. துப்பட்டிக்குள் அவளை அணைத்துப் பிடித்து வீடுவரை கூட்டி வந்தேன். ஒலி முகம்மது பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மூணு நாளா அது எப்படி இருந்துச்சுன்னே தெரியலையே லாத்தா என்று சொல்லிச் சொல்லித்தான் அழுதாள்.