யாருக்கு என்று கேட்காத கடை

கடை வைத்தவனுக்குத் தராசு முக்கியமில்லை, வாய்தான் முக்கியம். என்னைப் போல ஒரு கடையைக் கட்டிக்கொண்டு நொந்தவர்களுக்கு இது தெரியும். வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கு நடுவில், நாற்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.

விலை கேட்கக் கூடாத சாமான்

தேங்காய் நாலு ரூபாய்க்கு விற்ற காலத்தில் எல்லாவற்றுக்கும் பேரம் பேசுவார்கள். சாவுச் சாமானுக்கு மட்டும் பேச மாட்டார்கள். கற்பூரம், வெற்றிலை, சுருட்டு, கோடித்துணி எதுவானாலும் விலை கேட்காமல் வாங்க வேண்டும். கடைக்காரன் "யாருக்கு?" என்று கேட்க வேண்டும். பெயர் சொன்ன பிறகுதான் பொட்டலம் கை மாறும். எங்கள் தோட்டத்து வழக்கம் அது.

புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒருத்தி, மாமனார் செத்த அன்று தெரியாமல் கற்பூரத்துக்கு விலை கேட்டுவிட்டாள். கூட வந்த கிழவி அவள் கையைத் தட்டிவிட்டாள். "யாருக்குன்னு சொல்லுடி மொதல்ல. பேரு சொல்லாம வாங்குனா சாமானே ஆளைத் தேடிக்கும்."

பனிக்குள் குரல்

இப்போது தேங்காய் இருநூறு. காலையில் ஒரு விலை, பின்னேரம் ஒரு விலை என்று ஏறிய நாட்களில் ஜனங்கள் வாங்குவதையே விட்டுவிட்டார்கள். பனி இறங்கினால் கடை வாசலில் ஆள் தெரியாது, குரல் மட்டும் வரும். "பருப்பு எவ்வளவு?" பதில் சொல்வேன். சத்தமிருக்காது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு குரல், "பால்மா எவ்வளவு?" எட்டிப் பார்த்தால் வெறும் பாதைதான்.

ஒருநாள் பொறுக்காமல் வெளியே ஓடி ஒருத்தியை மறித்தேன். கொழுந்துக் கூடையோடு நின்றாள். "கோவிச்சுக்காதீங்கண்ணே, இன்னைக்கு வெலையை மட்டும் கேட்டுட்டுப் போறேன். நாளைக்கு அதுவும் கூடிரும்."

ஏழு வருடம்

மாரிமுத்துவும் நானும் ஒரே லயத்தில் பிறந்தவர்கள். அட்டன் டவுனில் பெரிய சுப்பர் மார்க்கட் திறந்ததும் முதலில் போனவன் அவன்தான். போனது போகட்டும். திரும்பி வந்து, பை நிறையச் சாமானோடு, என் கடை வாசலில் நாலு பேர் நிற்கும்போது அவன் சொன்னதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். "அங்க அரிசியோட எலிப் புழுக்கையையும் சேத்து நிறுத்துத் தர மாட்டான்டா!"

விலை கேட்காமல் வந்தவன்

அன்றிலிருந்து ஏழு வருடம் அவன் பெயரைக்கூட நான் சொன்னதில்லை. போன ஐப்பசியில் ஒரு மத்தியானம், பனி கடைக்குள்ளேயே வந்துவிட்ட நேரம், அவன் வந்து நின்றான். கற்பூரத்தைக் கை காட்டினான். அப்புறம் வெற்றிலை, ஒரு கட்டுச் சுருட்டு, நாலு முழத் துணி. விலை கேட்கவில்லை.

நான் "யாருக்கு?" என்று கேட்க வேண்டும். அவன் பெண்சாதியின் திவசம் நெருங்கியிருந்தது, அதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவனே வாயைத் திறக்கட்டும் என்றிருந்தேன். அவனும் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தபடி நின்றான். பிறகு காசை வைத்துவிட்டுப் பனிக்குள் இறங்கிவிட்டான்.

மறுநாள் விடியற்காலை, வேலைக்கு ஆள் கூடும் பெரட்டு நேரத்தில் அவன் மகள் செல்வி வந்தாள். கண் வீங்கியிருந்தது. அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார் என்றாள். நான் பதறிப் போய்க் கற்பூரம் எடுக்கத் திரும்பினேன். "ஒன்னும் வேணாம் மாமா. எல்லாம் அப்பாவே டிரங்குப் பெட்டி மேல எடுத்து வச்சிருக்காரு. நீங்க யாருக்குன்னு கேக்கலையா?"

மெஷினில் இல்லாதது

தனக்கென்று தெரிந்தேதான் வாங்கினானா, நான் கேட்காததால் சாமான் அவனைத் தேடிக்கொண்டதா? பதினாறாம் நாள் காரியத்துக்கு என் பங்காகச் சுருட்டும் கற்பூரமும் கொடுக்க நினைத்தேன். என் கடையில் நானே எடுத்தால், யாருக்கு என்று கேட்க ஆளேது? அட்டனுக்குப் போனேன், அவன் போன அதே கடைக்கு.

உள்ளே ஐம்பது பேர் இருப்பார்கள். ஒருவரும் விலை கேட்கவில்லை. ஒருவரும் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கூடையில் எடுத்து எடுத்துப் போட்டார்கள். அத்தனை பேரும் சாவுச் சாமான் வாங்குவது போலவே வாங்கினார்கள்.

கல்லாவில் இருந்த பிள்ளை கற்பூரத்தை மெஷினில் காட்டினாள். மாரிமுத்துவின் பெயரைச் சொல்ல வாயைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். அவள் அடுத்த சாமானை எடுத்தாள். "யாருக்குன்னு ஒரு வார்த்தை கேளு மகள்," என்றேன். அவள் சிரித்தாள். "அதெல்லாம் எங்க மெஷின்ல இல்லீங்க ஐயா. அடுத்த ஆள் வாங்க."

டவுனில் சாமான் மலிவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெயர் சொல்லாமல் வாங்கி, காரியத்துக்குக் கொடுக்கப் பயந்த அந்தப் பை என் கட்டிலுக்கடியில் பிரிக்காமல் கிடப்பதால், இப்போதெல்லாம் ஒரு கட்டிச் சவர்க்காரம் கேட்டு வருகிறவரிடமும் யாருக்கு என்று கேட்டே பாதி வாடிக்கையை அட்டனுக்கு அனுப்பிவிட்டேன்.